கேசட்டில் இல்லாதவள்

என் கொழுந்தன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்பு வீடியோ கேசட்டில் அவள் இல்லை. படம் முடிந்து திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடத் தொடங்கியதும் கூடியிருந்தவர்கள் எழுந்து சோம்பல் முறித்தார்கள். நான் மட்டும் பாயை விட்டு எழவில்லை. கடைசிக் காட்சியில் அந்த உளவாளி ரயில் நிலையத்தில் தனியாக நின்றான், தனியாகவே வண்டியேறினான். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் தம்பியோடு உட்கார்ந்து வீடியோ டெக்கின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவேயில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் நான் கேட்டுவந்த கதையில் அந்த ரயில் நிலையத்துக்கு ஒரு பெண் வருவாள். மொத்தக் கதையுமே அவள் வந்து நிற்பதற்காகத்தான் என்பதுபோலச் சொல்லுவார்.

கல்யாணத்துக்கு முன் அவர் சில வருஷங்கள் சிங்கப்பூரில் இருந்தவர். தாய்மாமன் வேலை பார்த்த கிட்டங்கியில் இவருக்கும் சரக்கு எண்ணும் வேலை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். வந்த இடத்தில் எனக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். பிறகு கோவில்பட்டியிலேயே ஒரு நூற்பாலையின் ஸ்டோரில் சேர்ந்துகொண்டார். அதிகம் பேசத் தெரியாத மனிதர். காய் வாங்கி வந்தால் பையைச் சமையற்கட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார், என்ன வாங்கினார் என்றுகூடச் சொல்லமாட்டார். ஆனால் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் வாய் நிறையப் பேசுவார். அது சிங்கப்பூரில் அவர் டிவியில் பார்த்த ஓர் ஆங்கில உளவாளித் தொடரின் முதல் பாகம். மற்ற பாகங்களையும் பார்த்திருக்கிறார்தான். அவற்றைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் சும்மா டுப்பு டுப்புனு சுடுவான்வ" என்று முடித்துவிடுவார்.

எழுபதுகளில் எங்கள் ஊரில் டிவி என்பது பத்திரிகையில் படம் பார்த்துத் தெரிந்துகொண்ட பொருள். வீட்டுக்குள்ளேயே படம் வரும் என்பதைக் கேட்கவே அதிசயமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, தெருவே வெயிலில் ஒடுங்கிக் கிடக்கும் மத்தியான நேரத்தில் நான்தான் ஆரம்பிப்பேன். "அந்தத் துப்பறியிறவன் கதையச் சொல்லுங்க." அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கடல் ஓரத்தில் கோட்டை உள்ள ஒரு நகரத்தில் தொடங்குவார். உளவாளியின் மேலதிகாரி ஒல்லியான கிழவர், கைத்தடி வைத்திருப்பார். அவர் சொல்லி அனுப்பியபடி நம்ம ஆள் ஒரு போட்டோச் சுருளை எடுத்துவிடுகிறான். எதிரிகள் எல்லாச் சாலைகளையும் அடைத்துவிடுகிறார்கள். ஓடி ஒளிய இடமில்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். அங்கே அவள் இருக்கிறாள். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். துறைமுகத்தில் அவனைச் சுடக் காத்திருக்கிறார்கள் என்பதை லைனில் கேட்டுவிட்டு வந்து அவள்தான் அவனைக் காப்பாற்றுகிறாள். அவன் கப்பலை விட்டுவிட்டு ரயிலில் போகிறான். வண்டி கிளம்பும் நேரத்தில் அவள் பிளாட்பாரத்துக்கு வருகிறாள். கூட வா என்று அவன் கூப்பிடுகிறான். அவள் ஒரு கறுப்புக் குடையை அவன் கையில் கொடுத்து, "உங்களுக்குப் போறதுக்கு ஒரு ஊர் இருக்கு. எனக்கு இருக்கறதுக்கு ஒரு ஊர் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். அவள் இடது கைப் பழக்கம் உள்ளவள். இடது புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு தழும்பு. சிரிக்கும்போது வாயை மூடமாட்டாள், கண்ணைத்தான் மூடுவாள். தேநீரை ஆற்றும்போது கோப்பையைச் சுற்றிச் சுற்றி ஆட்டுவாள். சினிமாவில் வருகிறவளை ஒரு மனிதர் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாரே என்று அப்போதே எனக்கு லேசாக உறுத்தியது. ஆனால் நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனும் கையில் வயருமாக, தீப்பெட்டிக் கம்பெனிக்காரர்களுக்கு பம்பாய்க்கும் சிவகாசிக்கும் டிரங்க் கால் போட்டுக்கொடுக்கிறவள். அதனால் அவள் பாதி நான் என்று ஒரு எண்ணம். ஒருநாள் கேட்டே விட்டேன். "என்னையப் பாத்துத்தான அவளுக்கு டெலிபோன் ஆபீஸ் வேலை போட்டீங்க?"

"ஏட்டி, அது கதையிலயே அப்படித்தான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன்.

கேசட் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். கொழுந்தன் விடுமுறைக்கு வந்தபோது அண்ணனுக்கென்றே தேடி வாங்கிவந்திருந்தார். "மதினி, அண்ணன் சொல்லுவாவளே, அந்தப் படத்தோட மொதப் பாகம் கெடச்சிட்டு" என்று பெட்டியைத் திறக்கும் முன்பே சொன்னார். டிவியை வாடகைக்கு எடுத்தோம், டெக் அவர் கொண்டுவந்தது. கடம்பூரிலிருந்து போளி வாங்கி வைத்திருந்தேன். எனக்குக் கல்யாண வீட்டுப் பரபரப்பு. அவளை இன்று பார்த்துவிடலாம்.

கடல் இருந்தது. கோட்டை இருந்தது. மேலதிகாரி ஒல்லிக் கிழவராக இல்லை. வழுக்கைத் தலையும் தொந்தியுமாக ஒருவர் நாற்காலியில் புதைந்திருந்தார். துறைமுகத்தில் ஆபத்து என்று அந்தத் தொந்திக்காரரே போன் பண்ணிச் சொன்னார். நம்ம ஆள் எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. பெண் என்று பார்த்தால், தொடக்கத்தில் தட்டு ஏந்திப் போன ஒருத்திதான். அவளும் இரண்டு கையாலும் ஏந்திப் போனாள்.

எல்லோரும் போன பிறகு என் கணவரிடம் கேட்டேன். "எங்க அவ?"

"இது வேற மாதிரி எடுத்திருக்கான்வ. கெழவரயே மாத்திட்டான்லா. அவளயும் வெட்டிட்டான்வபோல."

"படத்துல வெட்டினவளுக்குத் தழும்பு எந்தப் பக்கம்னு மட்டும் ஒங்களுக்கு மறக்கல."

பேசத் தெரியாத மனிதர் பேசாமல் இருப்பதற்கும், பேச விரும்பாமல் இருப்பதற்கும் வித்தியாசம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் உதட்டைக்கூட அசைக்காமல் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். பொத்தான்கள் எல்லாம் கழன்ற பிறகும் விரல் கீழே தேடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கதை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பொறாமை என்றால் சத்தம் போடுவது, பாத்திரத்தை உருட்டுவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு வந்தது அப்படி இல்லை. எக்ஸ்சேஞ்சுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பெண் இடது கையால் எழுதுகிறவள். விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளை, வாயில்லாப் பூச்சி. மிளகாய் வற்றல் காய்ந்தால் வீட்டிலிருந்து எனக்கென்று ஒரு பை கொண்டுவந்து தருவாள். எனக்கு அவளைப் பிடிக்கவேயில்லை. அவள் எழுதுவதைப் பார்க்கக் கூடாதென்று என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊருக்கு வெளிநாட்டு அழைப்பு வருவது அபூர்வம். மதராஸ் வழியாக சிங்கப்பூர் லைன் வருகிறது என்றால் மற்றவர்களை முந்திக்கொண்டு நானே எடுப்பேன். பேசுவது பெண் குரலா, யாரைக் கேட்கிறது என்று தெரியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். ஒரு தடவைகூட அப்படி ஒரு குரல் அவரைக் கேட்டு வந்ததில்லை. வராததும் எனக்கு ஆறுதலாக இல்லை. இவருக்குப் போன் பண்ண வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அவள் இவருக்குள்ளேயே இருக்கிறாள் என்று தோன்றும்.

எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கியது எதிர்வீட்டு அண்ணாச்சி. தீப்பெட்டி யூனிட் வைத்திருந்தவர். அவர் வீட்டு மொட்டைமாடியில் தென்னைமர உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆண்டெனா கட்டியிருந்தார்கள். அதில் மதராஸைவிட இலங்கைதான் நன்றாகத் தெரியும். கடல் பக்கமிருந்து காற்று வீசினால் படம் தெளிவு. மாறிவிட்டால் மாவு சலிப்பதுபோல் புள்ளி புள்ளியாகக் கொட்டும். ஒருநாள் சாயந்தரம் அண்ணாச்சி வாசலில் நின்று என் கணவரைக் கூப்பிட்டார். "ஏ மில்லுக்காரரே, சிலோன்ல நாளைக்கிப் பழைய துப்பறியும் படம் ஒண்ணு மொதல்லருந்து போடுதானாம். கோட்டையெல்லாம் காட்டினான். நீரு சொல்லுவீருல்லா, அதான்னு நெனைக்கேன். வீட்டம்மாவயும் கூட்டிட்டு வாரும்."

என் கணவர் போக வேண்டாம் என்றார். "பாத்ததத்தான போடுதான்."

"நான் போறேன்" என்றேன். அவரும் பின்னால் வந்தார்.

அண்ணாச்சி வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். அவர்கள் வேட்டியிலும் சேலையிலும் தீப்பெட்டி மருந்து வாசனை. தொடர் தொடங்கியது. கடல், கோட்டை. பிறகு கதவு திறந்து ஓர் ஒல்லிக் கிழவர் கைத்தடியோடு வந்து நின்றார். என் கணவர் பொய் சொல்லவில்லை! இது வேறு, கேசட் வேறு. முதலில் நீளமாக எடுத்துவிட்டுப் பிறகு சுருக்கி, ஆளை மாற்றியிருக்கிறார்கள். இத்தனை நாள் ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று நான் அவர் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் ஒரு விடுதிக்குள் நுழைந்தான். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்தாள். அவள் இருக்கிறாள்! டெலிபோன் ஆபீஸ் இல்லை, விடுதியில் அறைச் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. போகட்டும், வேலையை எனக்காக மாற்றியிருக்கிறார். உயரமான வெள்ளைக்காரி, வெளிர் முடி. நான் கூச்சத்தை விட்டு எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "ஏம்மா, மறைக்குது" என்று யாரோ சொன்னார்கள். புருவத்துக்கு மேலே தழும்பு இல்லை. பேனாவை வலது கையில் பிடித்தாள். தேநீர் குடிக்கவேயில்லை. சிரித்தபோது கண்ணை மூடவில்லை. கடைசியில் ரயில் நிலையத்துக்கு வந்தாள், குடை இல்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். அவள் தொட்டுவிட்டு நின்றாள், வண்டி போயிற்று. கீழே சிங்கள எழுத்து ஓட வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு. பேச்சு இருந்தால்தானே எழுத்து ஓடும்.

வீட்டுக்குத் தெருவைக் கடந்தால் போதும். நான் கடக்கவில்லை. ஸ்டேஷன் சாலைப் பக்கம் நடந்தேன். கரிசல் புழுதி காற்றில் ஏறிக் கண்ணை உறுத்தியது. அவர் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தார். பஸ் நிறுத்தத்துத் திண்டில் நான் உட்கார்ந்ததும் அவரும் ஓரமாக உட்கார்ந்தார்.

"தழும்பு யாருக்கு?" என்றேன்.

உடனே சொல்லிவிட்டார். நான் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டுமென்று இத்தனை வருஷம் அவர் காத்திருந்ததுபோல இருந்தது.

"நாங்க டிவி பாத்தது ஒரு கோப்பிக் கடையில. எனக்கு இங்கிலீசு வராதுல்லா. கடைக்காரர் மக படிச்ச பிள்ளை. அது பக்கத்துல நின்னு மெதுவாத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வரும். அதுக்குத்தான் தழும்பு."

"அப்ப நீங்க டிவியப் பாக்கவேயில்லை."

"கொஞ்சம் பாத்தேன்."

"குடை?"

"நான் கப்பலேறும்போது கொண்டாந்து குடுத்துச்சு."

"ஊர் இருக்குன்னு சொன்னது?"

அவர் தலையை ஆட்டினார். "அதுவும்தான். கூட வாரியானு நான்தான் கேட்டேன். அப்புறம் கடுதாசி கிடுதாசி ஒண்ணும் கிடையாது. சத்தியமாச் சொல்லுதேன்."

நான் நம்பினேன். நம்பியதால்தான் வலித்தது. கடிதம் இருந்திருந்தால் கிழித்துப் போட்டிருக்கலாம். நான் ஆசை ஆசையாகக் கேட்ட ஒவ்வொரு வரியும் அவள் அவர் காதில் சொன்னது. அவளுடைய தமிழை அவர் என் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் அதைக் கேட்டுத்தான் இந்த மனிதர்மேல் பிரியம் வைத்தேன். என் பங்குக்கு அந்தக் கதையில் இருந்தது டெலிபோன் ஆபீஸ் மட்டும். அதையும் எனக்கு இரக்கப்பட்டுப் போட்டதுபோல் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அந்தக் குடை. மரக் கைப்பிடி வைத்த சிங்கப்பூர்க் குடை கல்யாணத்திலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதைத்தான் நான் தினமும் எக்ஸ்சேஞ்சுக்குப் பிடித்துக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் குடை மழைக்கு இல்லை, வெயிலுக்கு. மறுநாள் காலையில் அவர் அதை எடுத்துப் பரண்மேல் போடப் போனார். நான் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "இல்ல, நான் பிடிச்சிட்டுப் போறேன்." பரணில் போட்டால் அது பத்திரமாக இருக்குமே! நான் அதை இன்னும் அதிகமாக எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்துக் கடைக்குக்கூட எடுத்துக்கொண்டு போனேன். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் விரித்து வைத்து, மறந்ததுபோல் விட்டுவிட்டு வந்தேன். கறுப்புத் துணி காவியாகி, கம்பிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. ஒரு ஆடிக் காற்றில் அது முழுசாக மடங்கிப்போனபோது அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பழுது பார்க்கக் கொடுக்கவா என்று கேட்கவில்லை. அடுத்த நாள் எனக்கு ஒரு புதுக் குடை வாங்கிவந்து, வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் சமையற்கட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். நீல நிறத்தில் பூப் போட்டது. நான் அதை மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்காக நாங்கள் சேர்ந்து வாழாமல் போகவில்லை. நல்லபடியாகவே வாழ்ந்தோம். பிள்ளைகளைப் படிக்கவைத்தோம், கோயிலுக்குப் போனோம், ஒருவருக்கு ஒருவர் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தோம். ஆனால் அவர் சும்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடும். "என்ன யோசிக்கீங்க?" என்பேன். "ஒண்ணுமில்ல" என்பார். முக்கால்வாசி நேரம் உண்மையிலேயே ஒன்றும் இருந்திருக்காது. எனக்கு அந்த மீதிக் கால்வாசிதான் வேண்டியிருந்தது.

இப்போது என் மகள் அந்தத் தொடரைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்துக் காட்டுகிறாள். முதல் பாகத்தின் இரண்டு வடிவங்களும் இருக்கின்றன, இரண்டும் துடைத்து வைத்ததுபோல் தெளிவாக. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்களாம். கிழவரை ஏன் மாற்றினார்கள், விடுதிக்காரியை ஏன் வெட்டினார்கள், எது அசல், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று பெரிய வாக்குவாதமே நடக்கிறது. மகள் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினாள். அவர்கள் யாருக்கும் தெரியாத இன்னொரு வடிவம் சிங்கப்பூரில் ஒரு கோப்பிக் கடையில் உண்டானது. அதைச் சொல்லத் தெரிந்தவர்களில் இப்போது நான்தான் மிச்சம். அவளும் இருக்கிறாளோ என்னவோ.

அதைக் கடைசியாகச் சொன்னதும் நான்தான். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்டே அசந்திருந்த நேரம். அவர் என்னைப் பார்த்து, "அந்தக் கதையச் சொல்லேன்" என்றார். பல வருஷங்களாக எங்களுக்குள் பேசப்படாதது.

"எந்தக் கதை?"

"தெரியாத மாதிரிதான் கேப்ப."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கடலில் ஆரம்பித்தேன். கோட்டை, கைத்தடிக் கிழவர், அடைத்த சாலைகள், அந்த வீடு. எனக்கே ஆச்சரியம், அவர் சொன்ன வரிசை மாறாமல் வந்தது. ரயில் நிலையத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். விட்டுவிடலாம், கேசட்டில் இருப்பதுபோல் முடித்துவிடலாம், கேட்பவரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் முகம் மிகவும் சுருங்கிப் போயிருந்தது. ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளை வரவிட்டேன். இடது கையில் குடையோடு வந்தாள். தழும்பையும் சொன்னேன். ஊர் இருக்கிறது என்று அவள் சொன்னதையும் அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். அவள் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்கு மனப்பாடம்.

அவர் கண்ணைத் திறந்தார். "இல்லட்டி, அவ வரல" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "கேசட்டுல உள்ளதுதான் சரி. அவன் ஒத்தையிலதான் போனான்" என்றார். என் விரலைப் பிடித்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினார்.

எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. நர்ஸ் வந்து பாட்டிலை மாற்றிவிட்டுப் போகும்வரை அந்தக் கையை நான் விடவில்லை. ஆனாலும் அவளை அந்தப் பிளாட்பாரத்திலிருந்து போகச் சொல்லுவதற்கு முன்னால், அவளை ஒரு தடவை அங்கே நிற்கவைத்துப் பார்த்திருப்பாரே! அந்தக் கடைசி நேரத்தில் அவரிடம் மிச்சமிருந்த மூச்சில் கொஞ்சம் அவளுக்கும் போய்விட்டதே என்றுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.